குவைத் வாட்ச்

ஷமீனா ஓடிப் போய்ச் சேர்ந்தபோது செல்போன் கடையின் கண்ணாடி மேசை நொறுங்கிக் கிடந்தது. அவளுடைய தம்பி ஷாகிர், கடைக்காரர் எழிலனின் சட்டைக் காலரை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடித்துச் சுவரோடு அழுத்திக்கொண்டிருந்தான். எழிலனின் குதிகால்கள் தரையைத் தொடவில்லை. ஷாகிரின் முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. அது யாருடைய ரத்தம் என்று பார்க்கும் நிதானம்கூட அவளுக்கு இல்லை.

"டேய் ஷாகிரு! வுடுடா அவரை! அல்லாவுக்காக வுடுடா!"

"நீ தள்ளிப் போக்கா. மூணு மாசமா நாளைக்கு வா, நாளைக்கு வான்னு அலைய வுடுறான். ஒரு அப்டேட் போடத் தெரியலன்னா என்னாத்துக்குடா போர்டு மாட்டி வச்சிருக்க?"

அவள் எக்கி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். ஆமாம், கடித்தாள். சின்ன வயதிலிருந்து அவனை ஒருவரிடமிருந்து பிரித்தெடுக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பிடி தளர்ந்தது. எழிலன் தொண்டையைத் தடவியபடி சரிந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நான் பத்து தடவ சொல்லிட்டேன். இந்த வாட்ச்சு குவைத்து நம்பர் ஒண்ணுல பதிவாயிருக்கு. அந்த நம்பருக்கு ஓ.டி.பி. போவுது. அது வந்தாதான் நாம உள்ளயே நுழைய முடியும். ரெண்டு வருஷமா ஒரு அப்டேட்டும் ஏறல. கம்பெனிக்காரன் அனுப்பிக்கிட்டேதான் இருக்கான், இது வாங்க மாட்டேங்குது. நான் என்னா பண்ணட்டும்?"

ஷமீனா அந்தக் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவிலேயே மண்டியிட்டாள். "அண்ணே, ஸ்டேஷனுக்கு மட்டும் போயிடாதீங்கண்ணே. இன்னும் பதினஞ்சு நாள்ல கடலூர்ல அவனுக்கு போலீஸ் செலக்‌ஷன் ஓட்டம். இதுதான் கடைசி தடவ, வயசு முடியுது. கேஸு ஒண்ணு ஆச்சுன்னா அதோட போச்சுண்ணே!"

எழிலன் சுவரைப் பிடித்து எழுந்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்ட ஆரம்பித்தார். அதுதான் அவருடைய மன்னிப்பு.

சிதம்பரம் மேல வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒன்பது வருடமாக வேலை பார்ப்பவள் ஷமீனா. முப்பத்து மூன்று வயது. ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பங்கள் அவள் விரல்கள் வழியாகத்தான் போயிருக்கின்றன. ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், பாஸ்போர்ட், தேர்வு விண்ணப்பம். தம்பியின் போலீஸ் விண்ணப்பத்தையும் மூன்று தடவை அவளேதான் நிரப்பினாள். அதில் ஒரு கேள்வி வரும்: உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் உள்ளதா? மூன்று தடவையும் 'இல்லை' என்று அழுத்தினாள். மூன்று தடவையும் அழுத்துமுன் அந்தக் கேள்வியை இன்னொரு முறை படித்தாள்.

ஏனென்றால், அந்த 'இல்லை' தானாக வந்ததல்ல. அதை அவள் ஊர் ஊராகப் போய் அழுது வாங்கி வந்திருந்தாள். குமராட்சி மினிபஸ் கண்டக்டரின் மண்டையைத் தம்பி பஸ் கம்பியில் இடித்து உடைத்தபோது, அந்த வீட்டு வாசலில் காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து வாங்கிய 'இல்லை'. கூடப் படித்தவனின் இரண்டு பல் போனபோது அவன் தாயாரின் கையைப் பிடித்து வாங்கியது இன்னொன்று. அவளுடைய இடது சுண்டுவிரல் வளைந்தே இருக்கும். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று தம்பி கதவை அறைந்த நாளில் அது கதவிடுக்கில் மாட்டியது. கட்டுப் போட்ட டாக்டரிடம் அவளே சொன்னாள், "அம்மிக் குழவி விழுந்துட்டுது சார்."

அவர்களைப் பெற்ற அத்தா ரஃபியுதீன் இறந்த வருடம் ஷாகிருக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து அவள் அவனுக்கு அக்கா மட்டுமா? அவன் பாதி எரித்ததையெல்லாம் அணைக்கிறவளாகவும் ஆகிப்போனாள். அவளிடம் ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. காக்கி உடுப்புப் போட்டால் அடங்கிவிடுவான். கட்டுப்பாடு வரும், மரியாதை வரும், கை தானாகக் கீழே இறங்கும். இந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் ஆறு வருடமாக அதிகாலையில் எழுந்து அவனுக்கு முட்டையும் ஊறவைத்த கடலையும் கொடுத்து அனுப்பினாள்.

இந்த முறை எழுத்துத் தேர்வில் அவன் பாஸ். மிச்சம் இருந்தது ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். போன முறை ஒன்பது விநாடியில் தவறவிட்டவன் இந்த முறை அந்த வாட்சை நம்பினான்.

வாட்ச், ஷமீனாவின் கணவன் சைபுல்லா குவைத்திலிருந்து கொண்டு வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் புதுச் சாமான் வாங்கினால் டப்பாவைக் கிழித்துப் போட்டுவிட்டு, கையில் கட்டிக்கொண்டு, தங்கள் பெயரிலேயே எல்லாவற்றையும் பதிந்து, நாலு நாள் புழங்கியது மாதிரி ஆக்கிக்கொண்டுதான் விமானம் ஏறுவார்கள். விமான நிலையத்துச் சுங்கக்காரர்கள் பழசு என்று விட்டுவிடுவார்கள் அல்லவா? சைபுல்லாவும் அப்படித்தான் செய்தான். கம்பெனி கொடுத்த சிம் நம்பரில் வாட்சைப் பதிந்தான். விடுமுறையில் வந்து, மச்சினன் கையில் ஆசையாகக் கட்டிவிட்டான். திரும்பிப் போனதும் கம்பெனி மாறினான். சிம்மைப் பழைய கம்பெனி பிடுங்கிக்கொண்டது. வாட்ச் அன்றைக்கு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் உறைந்துவிட்டது.

மணி சரியாகக் காட்டியது. நாடித்துடிப்பைக் காட்டியது. தூரம்தான் நாளுக்கொரு விதமாக வந்தது. குமராட்சி சாலையில் ஒரே பாலத்திலிருந்து ஒரே புளியமரம் வரைக்கும் ஒரு நாள் ஆயிரத்து நானூறு என்றது, மறுநாள் ஆயிரத்து அறுநூறு என்றது. கூட ஓடும் பையன்களின் வாட்சில் மாதம் ஒரு அப்டேட் இறங்கியது. இவனுடையதில் 'இணைக்க முடியவில்லை' என்ற ஒரே வரி. அதைப் பார்த்துப் பார்த்து அவன் பல்லைக் கடித்தான். ஆனால் ஆறு நிமிடம் இருபது விநாடி என்று அது காட்டிய நாட்களில் மட்டும் அதை முத்தமிட்டுவிட்டுத் தூங்கினான்.

இப்போது சைபுல்லா மறுபடி விடுமுறையில் வந்து பத்து நாளாகியிருந்தது. மனைவிக்காகப் பழைய நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தான். எகிப்துக்காரன் ஒருவன் எடுத்தான், ஏதோ கத்தினான், வைத்துவிட்டான். "அவன்கிட்ட போய் ஓ.டி.பி. கேட்டா என்னைத் திருடன்னு நெனைக்கிறான் ஷமீ" என்று சிரித்தான் சைபுல்லா. எதற்கும் சிரிக்கிற மனிதன். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம், தம்பி காதில் விழுந்துவிடுமோ என்று ஷமீனா வாசலை எட்டிப் பார்த்தாள்.

கடையை உடைத்த மூன்றாம் நாள், கடலூர் மைதானத்தில் பயிற்சிக்காரர்கள் ஒரு ஒத்திகை ஓட்டம் வைத்தார்கள். நாடா பிடித்து அளந்த தடம். மதியம் பன்னிரண்டரைக்கு ஷமீனாவின் போன் அடித்தது. தம்பியோடு ஓடுகிற அறிவழகன்.

"அக்கா, ஏழு நிமிஷம் இருவத்தி நாலு. வாட்ச்சு அஞ்சாவது நிமிஷத்துலயே தூரம் முடிஞ்சிட்டுதுன்னு காட்டியிருக்கு. இவன் அதைப் பாத்து வேகத்தைக் கொறச்சிட்டான். பசங்க சிரிச்சிட்டானுவ. 'பாய், ஒங்க வாட்ச்சு குவைத்துல ஓடுது, நீங்க கடலூர்ல ஓடுறீங்க'ன்னு ஒருத்தன் சொன்னான். அவன் ஒதடு கிழிஞ்சு கெடக்கான் இங்க. ஷாகிரு பஸ் ஏறி ஒரு மணி நேரமாச்சுக்கா, ஒங்க லைன் இப்பதான் கெடச்சிது. மூஞ்சி சரியில்ல. மச்சானைக் கொஞ்சம் வெளிய அனுப்பிடுங்க."

ஷமீனா கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் ஓட்டு வீடு. சைபுல்லா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆறு வயது மகள் சாய்ரா.

"ஏங்க, கொஞ்சம் பரங்கிப்பேட்டைக்குப் போயி ஒங்க அண்ணன் வூட்ல இருங்க. இப்பவே போங்க. சாயந்திரம் வரலாம்."

"மீன் வறுத்து வச்சிருக்கே, அதை வுட்டுட்டா? என் வூட்ல சோறு தின்ன நான் எதுக்குடி ஓடணும்?"

"அவன் வர்றாங்க..."

"வரட்டுமே. ஒக்காந்து தின்னட்டும்."

வாசலில் நிழல் விழுந்தது. ஷாகிரின் கையில் வாட்ச் இல்லை. அதன் பட்டையை அவிழ்த்து வலது கை விரல் முட்டிகளைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான். உலோக முகப்பு வெளிப்பக்கம் பார்த்து மின்னியது.

"மச்சான், நீ போட்டுக் கழிச்ச குப்பைய என் தலையில கட்டுன, இல்ல?"

"மாப்ள, அல்லா சத்தியமா புதுசுடா அது. இப்ப என்னா, வாட்ச்சுக்கு அப்டேட் வரலன்னா காலுக்குப் போட்டுக்க அப்டேட்ட!" சைபுல்லா சிரித்தான்.

அந்தச் சிரிப்பு முடியவில்லை. முதல் குத்து புருவத்தில் விழுந்தது. சோற்றுத் தட்டு பறந்து சுவரில் மோதியது. இரண்டாவது குத்தில் மூக்கு உடைந்து, வெள்ளைப் பனியன் நெஞ்சு வரை சிவந்தது. சைபுல்லா சோற்றுக் கையைத் தூக்கி மறைக்கப் பார்த்தான். மூன்றாவது குத்து தாடையில் இறங்கியது. காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. ஷமீனாவின் காதில் இன்றைக்கும் அந்தச் சத்தம் இருக்கிறது.

அவள் பாய்ந்து கடித்தாள். இந்த முறை அவன் விடவில்லை. அவளை உதறிய வேகத்தில் அவள் தலை அலமாரி முனையில் இடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தபோதும் அவன் குத்துவது தெரிந்தது. நாலு, அஞ்சு, ஆறு. "ஆறு வருஷம்! ஆறு வருஷம்டா!" என்று ஒவ்வொரு குத்துக்கும் கத்தினான். ஷமீனாவின் அம்மா ஆசியா உம்மாள் கொல்லையிலிருந்து ஓடி வந்து அலறிய பிறகுதான் கை நின்றது. ஷாகிர் தன் கையைப் பார்த்தான். பிறகு குழந்தையைப் பார்த்தான். வெளியே ஓடிவிட்டான்.

அரசு ஆஸ்பத்திரியில் சைபுல்லாவின் தாடையைத் துணியால் தூக்கிக் கட்டியிருந்தார்கள். வாய் திறக்க முடியாது, பேச முடியாது. ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. அடிபட்ட கேஸ் என்பதால் ஏட்டு ஒருவர் நோட்டுடன் வந்தார். தலை நரைத்த மனிதர், பொறுமையான குரல்.

ஆசியா உம்மாள் மகளின் கையை நசுக்கிக்கொண்டு காதில் கிசுகிசுத்தாள். "ஒரே ஒரு வார்த்தை. விழுந்துட்டாருன்னு சொல்லிடு. பன்னெண்டு நாள்தாண்டி இருக்கு. இதுல ராப்பகலா ஓடி அவன் தேறிடுவான். ஒன் கையால அவன் வாழ்க்கைய அறுத்துடாதடி."

ஷமீனா கணவனைப் பார்த்தாள். அவன் மூடாத ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். சொல்லிடு, பரவாயில்லை என்கிற தலையசைப்பு. கடவுளே, அந்த மனிதன் இப்போதும் அவளுக்காகத்தான் யோசித்தான்! அவள் வாயைத் திறந்தாள். "படியில..." என்று தொடங்கும் பொய் நாக்கு நுனியில் வந்து நின்றுவிட்டது.

அதற்குள் ஏட்டு, கட்டில் காலைப் பிடித்து நின்ற சாய்ராவின் முன் குனிந்தார். "பாப்பா, அத்தாவுக்கு எப்படிம்மா அடிபட்டுது?"

குழந்தை கண் இமைக்கவில்லை. "அத்தா மாடிப்படியில விழுந்துட்டாங்க. நான் பாத்தேன். மாமா அப்ப வூட்லயே இல்ல."

யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ஆசியா உம்மாள்கூடச் சொல்லவில்லை. அந்த வீட்டில் மாடியும் இல்லை, படியும் இல்லை. ஏட்டு கேட்காத கேள்விக்கும் சேர்த்து ஆறு வயதுக் குழந்தை பதில் சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

ஷமீனாவின் உள்ளே எதுவோ பிளந்தது. கண்டக்டரின் மண்டை, கூடப் படித்தவனின் பல், எழிலனின் தொண்டை, எல்லாம் ஒரே நேரத்தில் அவள் கண்முன் வந்து நின்றன. தான் அணைத்துக்கொண்டு வந்ததாக நினைத்தாளே! அணைக்கவில்லை. மூடி மூடி வைத்திருக்கிறாள்.

"பாப்பா சொல்றது பொய் சார்," என்றாள். "எங்க வூட்ல படி கெடையாது. என் தம்பி அடிச்சான்."

பளாரென்று ஆசியா உம்மாளின் கை அவள் கன்னத்தில் விழுந்தது. வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. "நாசமாப் போனவளே! ஒன் கூடப் பொறந்தவண்டி! பன்னெண்டு நாள்ல அவனுக்கு போலீஸ் செலக்‌ஷன்டி!"

ஏட்டு கையை நீட்டித் தடுத்தார். பேனாவை மூடிவிட்டு, தணிந்த குரலில் சொன்னார். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. பையன் செலக்‌ஷனுக்கு நிக்கிறான்னு ஒங்கம்மா சொன்னாங்க. நான் இதை எழுதிட்டா அவன் காக்கி போட முடியாது. அப்புறம் வந்து அழுதா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"அதுக்காவத்தான் சார் சொல்றேன்." கன்னத்தில் ஐந்து விரலும் சிவந்து எழும்பியிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. "ஒரு வாட்ச்சு சரியா ஓடலன்னு இவரை இப்புடி அடிச்சவன், நாளைக்கு ஒங்க ஸ்டேஷன்ல ஒங்க பக்கத்துல நிப்பான் சார். கையில லத்தி இருக்கும். கூண்டுக்குள்ள எவனோ ஒருத்தன் இருப்பான். அவனுக்கு அக்கா இருக்க மாட்டா, புடிச்சு இழுக்க."

ஏட்டு சைபுல்லாவின் தாடைக் கட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"தம்பி முழுப் பேரு?"

"ஆர். ஷாகிர். அத்தா பேரு ரஃபியுதீன்."

குரல் உடைந்தது. ஆனால் நிற்கவில்லை. வயதைச் சொன்னாள், முகவரியைச் சொன்னாள், எத்தனை குத்து என்று கேட்டபோது ஆறு என்று எண்ணிச் சொன்னாள். கட்டிலில் சைபுல்லாவின் திறந்த கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. ஆசியா உம்மாள் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள்.

ஏட்டு நோட்டைத் திருப்பி நீட்டினார். ஷமீனா ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்தாள். ஓரிடத்தில் 'கையால்' என்று எழுதியிருந்தது. "வாட்ச்சை முட்டியில சுத்திக்கிட்டு அடிச்சான்னு போடுங்க சார்," என்றாள். அவர் திருத்தினார். அவள் மகளைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.