பஞ்சு பட்டினி கிடந்த நாள்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு நாய்க்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தபோது பாலக்கரையிலிருந்து போன். "அக்கா போயிட்டாங்க சார். நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." டாக்டர் மெர்சியின் தம்பி. பாதித் தையலில் கையை எடுக்க முடியாது. போட்டு முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். நாற்பத்தாறு வயது. என்ன அநியாயம் இது!

பன்னிரண்டு வருடம் ஒரே கிளினிக்கில் இருந்தோம். நாயும் பூனையும் எனக்கு. முயல், கினிப்பன்றி, வெள்ளெலி எல்லாம் அவருக்கு. "உள்ளங்கையில அடங்கற நோயாளிக்கு எதுக்கும்மா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று சீண்டுவேன். "அதுங்க வலிச்சாலும் கத்தாது சார். கத்தறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்பார். நான் கத்துகிறவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

போன வருடம் வந்த ஸ்ரீரங்கம் பட்டாபி சாருடைய முயல் பஞ்சு. கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்றது. கருப்பையில் கட்டி, மெர்சி ஆபரேஷன் செய்வதாக ஏற்பாடு. ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, சாப்பாடு கொடுக்கலாமா என்று கிளினிக் வாட்ஸப்பில் கேட்டிருந்தார்கள். மெர்சி அங்கே இல்லை. நாய்க்காரர்களுக்குச் சொல்லிப் பழகிய கை, "எதுவும் கொடுக்க வேண்டாம்" என்று தட்டிவிட்டது.

ஏகாதசிக்குத் துளி தண்ணீர் குடிக்காத வீடு அது. "சுத்த உபவாசம் டாக்டர். நேத்து கார்த்தாலேர்ந்து ஒரு புல்லுகூட வாயில வைக்கலை" என்று பட்டாபி சார் பெருமையாகக் கூடையை நீட்டினார். மெர்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. முயலால் வாந்தி எடுக்க முடியாது; மயக்கத்தில் அது மூச்சுக்குழாயில் போகும் பயமில்லை. ஆபரேஷனுக்கு முன் பட்டினியே தேவையில்லை. போட்டால் குடல் நின்றுவிடும். ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டினார். வயிற்றில் ஒரு சத்தமும் இல்லை.

"யாரு சார் அந்த மெசேஜ் அனுப்பினது?"

"நான்தான்."

உடனே வேலையில் இறங்கினார். சலைன், வலிக்கு ஊசி, வெந்நீர்ப் பை. புல்தூளைக் குழைத்து சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. வெளியே பெஞ்சில் பட்டாபி சாரும் மாமியும் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்ககிட்ட சொல்லிடுங்க சார்."

"முதல்ல பிழைக்கட்டும்மா, சொல்றேன்."

"பிழைக்கலைன்னா?"

நான் சாப்பிடப் போய்விட்டேன். பயந்தாங்கொள்ளி, வேறென்ன.

நாலரை மணிக்கு மிளகளவில் மூன்று புழுக்கை விழுந்தது. "போட்டுருச்சு சார்!" என்று மெர்சி அழுதார். நான் வெளியே ஓடி "பிழைச்சிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். பட்டாபி சார் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மிச்சத்தை விழுங்கிவிட்டேன். பிற்பாடு ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. மெர்சி அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

மெர்சியின் அடக்கத்தன்று சர்ச் வாசலில் பட்டாபி சாரையும் மாமியையும் பார்த்தேன். இனியும் அடக்கி வைக்க முடியவில்லை. "அந்த மெசேஜ் அனுப்பினது நான்தான் சார். என் தப்பு" என்றேன்.

பட்டாபி சார் திகைத்துப்போனார். "என்ன சொல்றேள்? அன்னிக்கு மத்தியானமே அந்தப் பொண்ணு வந்து, முயல் என் பொறுப்பு, தப்பும் என்னோடதுன்னு கைகூப்பினாளே." மாமியைக் காட்டினார். "இவ ஆத்திரத்துல, நீயெல்லாம் ஒரு டாக்டரான்னு கேட்டுட்டா. வாயே திறக்காம நின்னா."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நேரம் அது.

மாமி சவப்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்போ நான் யார்கிட்டப் போய் மன்னிப்புக் கேக்கறது டாக்டர்?"

மெர்சியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எனக்குப் பதில் அவர் வாங்கிக்கொண்ட மாமியின் அந்தத் திட்டு ஒன்றைத்தான். அது எனக்கு உரியது.