கீழே கிடந்து பிடித்தவர்

பதுளையில் எங்கள் துணிக்கடைக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் குஸ்தி நடக்கும். நமுனுகுலப் பக்கத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒருவர் அதற்காக நடந்தே வருவார். அவர் பேரை நான் கேட்டதில்லை. ஒட்டிய கன்னம், தூக்கம் கலையாத கண்கள். பிடி தொடங்கியதும் தானாகவே மல்லாந்து விழுவார். முதுகு மண்ணில் பட்டால் தோல்வி என்பதால் எல்லோரும் சிரிப்பார்கள்; ஆனாலும் வேடிக்கைக்காகப் பிடியை நிறுத்தமாட்டார்கள்.

ஒருநாள் அவருக்கு நான் ஜோடி. விழுந்தவர்மேல் பாய்ந்தேன். அவருடைய கால்கள் என் இடுப்பை வளைத்துக்கொண்டன. முன்பொரு தடவை அந்தக் கால்களைச் சுலபமாகப் பிரித்திருக்கிறேன். இந்த முறை என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். கையை ஊன்ற முடியாமல் சரிந்தேன். என் கழுத்து அவருடைய கக்கத்தில் சிக்கியது. மூச்சு முட்டி, "விடுங்க" என்றேன். உடனே விட்டார்.

நடுவராக நின்ற என் மாமா என் கையைத்தான் தூக்கினார்.

"நாந்தான் தோத்தேன் மாமா."

"அவன் முதுகு பட்டுருச்சுடா" என்றார் மாமா.

தோட்டத்துக்காரர் மண்ணிலேயே கிடந்தார். அருகில் குனிந்து, "மணிக்கட்டைப் பிடிக்க எங்க பழகினீங்க?" என்று கேட்டேன்.

"போன தடவை நீங்க காலைப் பிரிச்சப்போ என் கை சும்மா கெடந்துச்சுங்க. கவ்வாத்து வெட்டுறப்பல்லாம் அதையேதான் யோசிச்சேன்."

"நின்னு பிடிச்சா ஜெயிக்கலாமே?"

"வாரம் பூரா சரிவுல நிக்கிறேங்க. இங்கயும் நிக்கச் சொல்றீங்களா?"

எழுப்பிவிடக் கை நீட்டினேன். "கொஞ்சம் இருங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவ்வளவு களைத்த மனிதர் அத்தனை நாளும் தன் காலைப் பிரித்த என் கைகளை நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.