கடைக்குப் போகிறேன் என்று சொன்னவள்

எங்கள் காலனியில் பிள்ளைகளிடம் உண்மை பேசுகிற பெரியவர் ஒருவர்கூடக் கிடையாது. ஊசி போடக் கூட்டிப் போகும்போது ஐஸ்கிரீம் வாங்கப் போவதாகச் சொல்வார்கள். செத்துப்போன நாயை மாமா வீட்டுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்வார்கள். பிள்ளை நம்பிவிட்டால் பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துக்கொள்வார்கள். இந்தக் கூட்டத்தில் ஈஸ்வரி அக்காவை மிஞ்ச ஆள் இல்லை. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புதுவாயலிலிருந்து உள்ளே போகிற சாலையில், வாய்க்காலை ஒட்டி எங்கள் காலனி. ஈஸ்வரியின் பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் சேற்றில் கால் வைத்ததில்லை. சிப்காட்டில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, அதுவும் காண்ட்ராக்டில். அவள் பள்ளியில் படிக்கும்போது அப்பா, "திருவள்ளூர் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. அவருக்கு சூலூர்பேட்டையில் இன்னொரு குடும்பம் இருந்தது தெருவுக்கே தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது. "நைனா வேலைக்குப் போயிருக்காரு" என்றே வருஷக்கணக்காகச் சொல்லி வைத்திருந்தார்கள். பிறகு ஒருநாள், பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு என்று பட்டுப்புடவை கட்டித் திருப்பாச்சூருக்கு அழைத்துப் போனார்கள். அங்கே நடந்தது அவளுடைய நிச்சயதார்த்தம்.

"ஐயரு என் பேரப் படிச்சப்பறந்தான் எனுக்கே தெரியும்" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்படி ஏமாற்றப்பட்டவள் தன் பிள்ளையை ஏமாற்றமாட்டாள் என்று நினைப்போம். நினைப்போடு சரி. அவளுடைய மகன் லோகு. புருஷன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாளைவிட விஜயவாடாவில் இருக்கும் நாள்தான் அதிகம். செகண்ட் ஷிப்டுக்கு மதியம் வேன் வரும். பக்கத்து வீட்டு முத்தம்மா லோகுவைத் தூக்கிக்கொண்டு, "அதோ பார்றா, கொரங்கு!" என்பாள். லோகு இல்லாத குரங்கைத் தேடுவான். ஈஸ்வரி பின்பக்கச் சந்து வழியாக ஓடிவிடுவாள். மாட்டிக்கொண்டால், "கடைக்குப் போயி கிரீம் பிஸ்கெட் வாங்கினு வர்றேன் கண்ணு." அவன் தூங்கிய பிறகு ராத்திரி வந்து படுப்பாள். காலையில் தலையணைக்குப் பக்கத்தில் பிஸ்கெட் இருக்கும். இதை முத்தம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்: "ஒரு நாள் அழவுட்டது இல்ல புள்ளைய."

புயல் வந்த டிசம்பரிலும் அப்படித்தான் போனாள். மழை கொட்டியது. சாயங்காலம் வாய்க்கால் பொங்கிக் காலனிக்குள் வந்துவிட்டது. முத்தம்மா லோகுவைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஏறினாள். எல்லோரும் அங்கேதான் இருந்தோம். வேன் வரவில்லை. ஹைவேயில் தண்ணீர் ஓடியது. தொழிலாளர்களைக் கம்பெனிக்குள்ளேயே தங்க வைத்துவிட்டார்கள்.

"அம்மா எங்க?" என்று லோகு கேட்டுக்கொண்டே இருந்தான்.

"கடையிலதாண்டா இருக்குது, வந்துரும்" என்று மாடியில் இருந்த அத்தனை பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவன் ஜன்னலைவிட்டு நகரவில்லை. அழவும் இல்லை. "சமத்துப் புள்ள" என்று பாராட்டினார்கள்.

தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிய பிறகு ஈஸ்வரி நடந்தே வந்து சேர்ந்தாள். கையில் பிஸ்கெட் பொட்டலம். லோகு அதைத் தொடவில்லை. அவள் துப்பட்டாவைப் பிடித்தான். அதற்குப் பிறகு விடவே இல்லை.

அவள் கழிவறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு அவளைப் பேசச் சொல்வான். பேச்சு நின்றால் கதவை உதைப்பான். தூங்கும்போது துப்பட்டா முனையைத் தன் கையில் முடிந்துகொள்வான். காலனியின் அறிவாளிகள் வைத்தியத்துக்குக் கிளம்பினார்கள். ஒருவர் தாயத்து கட்டினார். ஒருவர் ஜெபம் செய்த எண்ணெய் கொண்டுவந்தார். ஒருவர், பயந்த இடத்திலேயே பயத்தை விடவேண்டும் என்று அவனைத் தூக்கிப்போய் வாய்க்காலில் முக்கி எடுத்தார். இதைச் செய்தவருக்கு இரண்டு பட்டம் இருக்கிறது. அப்பன்காரன் ஃபோனில், "ஆம்பளப் புள்ளைக்கு இன்னாடி பயம்? நாலு அடி குடு" என்றான். அவன் வெள்ளத்தைப் பார்த்ததே ஃபோனில்தான்.

ஆறுதல் சொல்ல ஒரு குழுவும் வந்தது. அதில் ஒரு அம்மா, "குழந்தைகளுக்குப் பிரிவுப் பதற்றம் ஏற்படலாம். நம்பகத்தன்மையான தகவல்தொடர்பைப் பேணுங்கள்" என்று துண்டுத்தாளைப் பார்த்துப் படித்தார். போகும்போது சொல்லிவிட்டுப் போ என்பதுதான் அதன் அர்த்தம். அந்த மூன்று வார்த்தையைச் சொல்லியிருந்தால் யாருக்காவது உறைத்திருக்கும். ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஈஸ்வரி வேலைக்குப் போகாத நாட்கள் சேர்ந்துகொண்டே போயின. இன்னொரு நாள் வராவிட்டால் உன் சீட்டு வேறு ஆளுக்கு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். தெரு கூடி ஆலோசித்தது. முடிவு என்ன? குரங்கு.

அன்று மதியம் லோகு சோறு தின்னத் துப்பட்டாவை விட்ட நேரத்தில் முத்தம்மா குரங்கைக் காட்டினாள். லோகு திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பின்சந்துக்கு ஓடினான். அவள் அதற்குள் வேனில் ஏறியிருந்தாள். அவன் வேனுக்குப் பின்னால் ஓடி, புதுவாயல் ஜங்ஷனில் கொல்கத்தா ஹைவே வரைக்கும் போய்விட்டான். ஒரு டிரெய்லர் லாரி பிரேக் அடித்த சத்தம் டீக்கடையில் இருந்த எனக்குக் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஈஸ்வரி வேனிலிருந்து இறங்கி வந்து அவனைச் சாலையோரமாக இழுத்துப்போட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டா ஓடியாந்த? சாவறதுக்கா? கடைக்குத்தானடா போறேன்!"

"கடைக்குப் போவாத" என்று கத்தினான் லோகு. "கடை முழுவிச்சி. நீ உள்ள இருந்த. நான் பாத்துக்கினே இருந்தேன்."

அடித்த கை நின்றுவிட்டது.

பள்ளிக்கூட மாடி ஜன்னலுக்கு நேர் எதிரேதான் மளிகைக் கடை. தண்ணீர் அதன் ஷட்டருக்கு மேல் ஏறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டே ஒரு பிள்ளையிடம், உன் அம்மா அதற்குள் இருக்கிறாள் என்று விடிய விடியச் சொல்லியிருக்கிறோம். அவன் சமத்தாக உட்கார்ந்து, அவள் முழுகுவதைப் பார்த்திருக்கிறான்.

ஈஸ்வரி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வேன் டிரைவர் மோசஸ், "அக்கா, வர்றியா இல்லியா? எனுக்கு நேரமாவுது" என்றான். அவள் லோகுவை மடியில் இழுத்துப்போட்டுக்கொண்டாள். வேன் போய்விட்டது.

மறுநாள் சூப்பர்வைசரிடம் ஃபோனில் கெஞ்சி, கடைசி முறை என்று ஒரு வாய்ப்பு வாங்கினாள். மதியம் வாசலில் லோகுவைத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

"கண்ணு, நான் கடைக்குப் போவல. வேலைக்குப் போறேன். கம்பெனியில மூடி அடுக்குவேன். நான் வரும்போது நீ தூங்கினு இருப்ப. உன்ன எழுப்பிச் சொல்றேன்."

அவன் அலறினான். அவள் கையைக் கடித்தான். தெருவே வெளியில் வந்துவிட்டது.

"ஏண்டி புள்ளைய பேஜார் பண்ற? கடைக்குன்னு சொல்லிட்டுப் போயேன்!" என்றாள் முத்தம்மா.

"கல்நெஞ்சுக்காரி" என்றார் தாயத்து கட்டியவர்.

கடிபட்ட கையோடு அவள் வேன் ஏறினாள். ராத்திரி வந்து அவனை எழுப்பினாளாம். அவன் அவள் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டானாம். அடுத்த நாளும் அலறினான். அதற்கடுத்த நாளும் அலறினான். தெருவில் ஒருத்தரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. பொய் சொன்னபோது நல்ல தாய். உண்மை சொன்னதும் ராட்சசி. போகப்போக அலறல் அழுகையானது, அழுகை சிணுங்கலானது. துப்பட்டாவை முடிந்துகொள்வதையும் எப்போதோ விட்டுவிட்டான்.

போன மழைக்காலத்தில் டிவியில் மறுபடியும் ரெட் அலர்ட் போட்டார்கள். மதியமே வானம் இருட்டிக்கொண்டது. பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். வேன் வந்து நின்றது. லோகு ஈஸ்வரியின் துப்பட்டாவை மறுபடியும் பிடித்தான்.

"மழ வந்தா நீ வந்துருவியா?"

"வந்துருவேன்னு சொல்லுடி" என்று முத்தம்மா கிசுகிசுத்தாள். ஈஸ்வரி அவளைப் பார்க்கவே இல்லை.

"தெரியல கண்ணு. வண்டி ஓடலன்னா வரமாட்டேன். கம்பெனி மேட்டுல இருக்குது, அங்க தண்ணி ஏறாது. நான் அங்கயே இருப்பேன். நீ முத்தம்மாவோட ஸ்கோல் மாடிக்குப் போயிடு. தண்ணி வடிஞ்சா நடந்தாவது வருவேன்."

"வாயக் கழுவுடி! புள்ளைக்கிட்ட சொல்ற பேச்சா இது?" என்றார் பட்டம் வாங்கியவர்.

லோகு அழவில்லை.

"ஸ்கோலு பூட்டியிருந்தா?"

போன முறை பள்ளி நாளில் வெள்ளம் வந்ததால் கதவு திறந்திருந்தது. லீவு நாளில் வந்தால் எங்கே ஏறுவது என்று இத்தனை மாதத்தில் ஒரு பெரிய மனிதருக்கும் தோன்றவில்லை.

"சாவி வாட்ச்மேன் வெங்கடேசன்கிட்ட இருக்கும். வா, கேக்கலாம்" என்று ஈஸ்வரி லோகுவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அக்கோவ், மூடி அடுக்கறதா இல்ல ஊர் சுத்தறதா?" என்று மோசஸ் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

திரும்பி வந்தபோது சாவி லோகுவின் கையில் இருந்தது. வெங்கடேசன் இன்னொரு சாவி வைத்திருக்கிறானாம். ஈஸ்வரி வேனில் ஏறினாள். லோகு முத்தம்மாவின் இடுப்பை ஒட்டி நின்றான். உதடு பிதுங்கி, கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவன் ஓடவில்லை. வேன் ஜங்ஷனில் திரும்பியதும் முத்தம்மாவின் புடவையை இழுத்தான்.

"வா, தொறந்து பாக்கலாம்" என்றான்.