கணக்கில் சேராத ஆறு நாள்கள்

பிரித்தானியக் குடியுரிமைக்கு நான் விண்ணப்பிக்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் தொண்ணூறு நாளுக்கு மேல் வெளிநாட்டில் நிற்கக் கூடாது என்பது விதி. தாண்டினால் ஐந்து வருடக் காத்திருப்பு இன்னும் இழுபடும். நானோ அந்த வருடத்தில் மூன்றாவது தடவையாக இலங்கையில், கரம்பொன் என்ற தீவுக் கிராமத்தில், மாமி வீட்டில் நின்றேன். மனைவிக்குத் தலைப்பிரசவம். டொக்டர் சொன்ன திகதி கடந்து மூன்று நாளாகியும் பிள்ளை வெளியே வருகிற மாதிரி இல்லை.

குசினிச் சுவரில் கோயில் கலண்டர் தொங்கியது. நாள் ஒன்று போனதும் சிவப்புப் பேனையால் வெட்டுவேன். மனைவியின் தமையன், கடல்தொழிலுக்குப் போய் வந்தவர், அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மச்சான், பிள்ளைக்கும் இந்தக் கலண்டரைக் காட்டினனீரோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய பயணங்களையும் சேர்த்தால் தொண்ணூறு நாளும் முடியப் போகிறது. லண்டன் விமானம் பிடிக்க மறுநாள் கொழும்புக்கு வெளிக்கிட வேண்டும். பெட்டியையும் கட்டிவிட்டேன்.

அன்று பின்னேரம், கட்டிலில் சரிந்து படுத்திருந்த மனைவி போனில் குடியுரிமை விதிகளை வாசித்துவிட்டுக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, லண்டனிலயிருந்து வெளிக்கிட்ட நாளையும் திரும்பிப் போய் இறங்கிற நாளையும் சேர்த்தே கணக்குப் பாத்தனீங்கள்?"

"ஓம். பின்னை?"

"அது ரெண்டும் சேராதாம். முழுசா வெளியில நிண்ட நாள் மட்டும்தானாம். இஞ்ச வடிவாப் போட்டிருக்கு."

மூன்று தரம் வாசித்தேன். மூன்று பயணம், பயணத்துக்கு இரண்டு நாள். ஆறு நாள்! நான் போட்ட கூச்சலில் முற்றத்திலிருந்து மாமி ஓடி வந்தார்.

"வயித்து நோ துவங்கிட்டுதோ?"

"இல்லை மாமி, ஆறு நாள் கிடைச்சிட்டுது!"

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

உடனே டிக்கற்றை மாற்றினேன். ஐந்து நாள் மட்டும் தள்ளிப் போட்டேன். மழையில்லாத நாளிலும் குடை கொண்டு திரிகிற ஆள் நான். கைகாவலுக்கு ஒரு நாள் கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் விடியக் காலமை பிரசவ நோ வந்தது. தமையனின் வான் வண்டியில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பண்ணைப் பாலம் தாண்டும் வரை மனைவி என் கையை விடவில்லை. மத்தியானத்துக்கு முன் மகள் பிறந்தாள். அவளைக் கையில் தந்தபோது வாய்விட்டு அழுதேன். என் பெருவிரலைப் பிடித்தவள் விடவே மாட்டேன் என்றாள். இரண்டு நாள் அவளை ஒருவரிடமும் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்துவிட்டு விமானம் ஏறினேன்.

அடுத்த மாதம் லண்டனில் விண்ணப்பத்தை நிரப்பும்போது மனைவி வீடியோவில் இருந்தாள். மகள் அவள் தோளில் நித்திரை. வெளியே நின்றதற்கான காரணம் என்ற இடத்தில், மூன்றாவது பயணத்துக்கு 'மகளின் பிறப்பு' என்று எழுதினேன். பிறகு எல்லா நாளையும் கூட்டி உரத்து வாசித்தேன்.

"எண்பத்தொன்பது."

அவள் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்த ஒரு நாளை ஏனப்பா விட்டனீங்கள்?"