பிரிட்ஜில் ஒரு பிடி அவரை விதை

நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டை இடித்து, கம்பெனிப் பையன்கள் தங்க ரூம் ரூமாகக் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னதும், வேலியில் காய்ந்து தொங்கிய அவரை நெற்றுகளை எல்லாம் பறித்துக்கொண்டேன். அந்த மாதிரிப் பட்டை அவரை கடையில் கிடைக்காது. கொடியும் போய்விட்டது. இனி அது பிழைத்தால் என்னிடம் இருந்த அந்த ஒரு பிடி விதையில்தான் பிழைக்க வேண்டும்.

வண்டு விழுந்துவிடுமே என்ற பயத்தில் நன்றாகக் காயவைத்து, டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். கரண்ட் போகும்போதெல்லாம் யாரும் பிரிட்ஜைத் திறந்துவிடாமல் காவல் நிற்பேன். பக்கத்து போர்ஷன் அக்காவுக்கு ஒரே சிரிப்பு.

"இன்னாம்மா, மனுசனுக்கு ஃபேன் ஓடல, விதைக்கு ஏசி கேக்குதா?"

அக்காவாவது வாயோடு நிறுத்திக்கொண்டது. கையை வைத்தது என் புருஷன். ஒரகடத்தில் பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பார்க்கிறார். எதையாவது தள்ளிவிடாவிட்டால் தின்ற சோறு செரிக்காது. நான் சுட்ட தோசையைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற ஜென்மம்.

ஆடி பிறந்ததும் டப்பாவை எடுத்து வெளியே வைத்தேன். சில்லிப்பு போகிறவரைக்கும் திறக்கக் கூடாது, விதை வேர்த்துவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பேப்பரில் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். விதை எல்லாம் நசநசவென்று ஈரம்.

"யோவ், இன்னா பண்ற?"

"இன்ஸ்பெக்‌ஷன். சின்னது, சுருங்கனது, கறை கீறதெல்லாம் ரிஜெக்ட்."

"அதுவும் விதைதான்யா!"

"எட்டாவதுல நின்னவளுக்கு இதெல்லாம் புரியாது."

இவர் மட்டும் என்னத்தைக் கிழித்தார்? ஐடிஐ படிப்பைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தவர்.

தள்ளியதை ஜன்னல் வழியாக, பாத்ரூம் தண்ணீர் போகிற பக்கம் வீசினார். பாஸ் ஆனதற்கு ராஜ மரியாதை. பிரிட்ஜில் இருந்த விதைக்குச் சூடு ஏற்ற வேண்டுமாம், வெந்நீரில் ஊறப்போட்டார். வடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஓவர்டைம் பார்க்கப் போனார். நானும் நம்பி கேன்டீன் வேலைக்குப் போனேன். மறுநாள் மூடியைத் திறந்தால் தண்ணீர் அப்படியே நிற்கிறது, புளித்த மாவு வாடை. மனசு கேட்காமல் பெயிண்ட் பக்கெட்டில் மண் போட்டு ஊன்றினேன். தினமும் விரலால் நோண்டி நோண்டிப் பார்த்தேன். கூழாகிவிட்டது. ஒன்றுகூட முளைக்கவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு, வேலை வேலை என்று போனேன்.

பிறகு ஒரு காலையில் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றப் போனேன். ஜன்னலுக்குக் கீழே சாக்கடை ஓரம் நாலைந்து அவரைக் கன்று, தலையில் பருப்பைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

மனிதர் இடுப்பில் கை வைத்து வந்து நின்றார். "பாத்தியா, நம்ம வூட்டு மாலு!"

"ரிஜெக்ட்டுனு தூக்கிப் போட்டது யாரு?"

"ரீவொர்க்ல பாஸ் ஆயிடுச்சிமே."

வெட்கமே கிடையாது. நான் குச்சி ஒடித்து வேலி கட்டினேன். இப்போது தெருவில் மாடு கத்தினாலும் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறேன். நெற்று காயட்டும். அடுத்த ஆடியில் இந்த ஆளை ஷிஃப்டுக்கு பஸ் ஏற்றிவிட்டுத்தான் பிரிட்ஜைத் திறப்பேன்.