தாய்மாமன் போட்ட டவுன்வோட்

போன வாரம் கடத்தூரிலிருந்து தங்கை செல்வியின் போன்.

"அண்ணா, பாப்பாவுக்குக் காது குத்தறப்ப மடியில உக்கார வெக்க அவரு வேற ஆள் பாக்கறாருங்க."

வேறு ஆளா? பாப்பாவுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான். நான் செய்த குற்றம் என்ன தெரியுமா? மாப்பிள்ளையின் பதிவு ஒன்றுக்கு டவுன்வோட் போட்டேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எழுதினால் வெகுமதி தரும் சமூக வலைத்தளங்கள் சில உண்டு. நம் பதிவுக்கு மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுக்கு ஏற்ப வெகுமதி வரும். எல்லோருக்கும் ஒரே பொதுப் பானை. குப்பைப் பதிவு ஒன்று அள்ளிக்கொண்டால் மற்றவருக்குக் குறையும். அதைத் தடுக்கத்தான் டவுன்வோட். போட்டால் அந்தப் பதிவின் வெகுமதி இறங்கும் — அவ்வளவுதான். யாரையும் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பதில்லை.

நான் அங்கே எங்கள் பக்கத்து நடுகற்கள், ஏரிகள், மழை என்று தேதி வாரியாக எழுதி வருகிறேன். அதைப் பார்த்து மாப்பிள்ளையும் வந்து சேர்ந்தார்.

உழைப்பாளி. நாளுக்குப் பத்துப் பதிவு. ரோஜாப்பூவோடு காலை வணக்கம். அதே ரோஜாப்பூவோடு மாலை வணக்கம். அடுத்தவர் எதை எழுதினாலும் கீழே, "அருமை நண்பரே, தொடருங்கள்." என் பள்ளி ஆசிரியர் இறந்த செய்தியை எழுதியிருந்தேன். அதற்கும் அருமை. அதற்கும் தொடருங்கள். எதைத் தொடர்வது?

பொறுத்துக்கொண்டேன். சொந்தமாயிற்றே... ஆனால் போன மாதம் ஒரு படம் போட்டார். தளும்பத் தளும்ப ஏரி. மேலே, "இன்று காலை எங்கள் ஏரி."

இந்த வருடம் அந்த ஏரியில் மாடு கால் நனைக்கத் தண்ணீர் இல்லை. படத்தில் கரைமேல் நிற்கிற புளியமரம் ரோடு போட்டபோதே போய்விட்டது. ஓசூரில் வேலை பார்க்கும் அந்த ஊர்க்காரர் ஒருவர் படத்தை நம்பி, நாற்று விடலாமா என்று வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார்.

முதலில் மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசினேன்.

"அது பழைய படமாச்சே, மாப்ள?"

"படம் நல்லாருக்குது இல்லீங்க மச்சான்? அத்தன பேரு ஓட்டுப் போட்டிருக்காங்க. நீங்க ஒருத்தர்தாங்க தேதி பாக்கறீங்க."

இரண்டு நாள் விட்டுப் பார்த்தேன். 'இன்று' அசையவில்லை. டவுன்வோட் போட்டு, கீழே காரணமும் எழுதினேன் — புளியமரம் உட்பட. 'தேதியைத் திருத்தினால் எடுத்துவிடுகிறேன்' என்றும் சேர்த்தேன். இதைவிட மரியாதையாக ஒருவன் எப்படித்தான் மறுப்பது?

அன்றிலிருந்து என் பதிவு ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளையின் பங்காளிகள் இரண்டு பேர் டவுன்வோட். நடுகல்லுக்கும் விழுகிறது, மழைக்கும் விழுகிறது. ஒருவரைத் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டேன். விடுவேனா?

"நான் எழுதினதுல என்னங்க தப்பு?"

"படிக்கலீங்களே."

"படிக்காம எப்படிங்க டவுன்வோட் போடறீங்க?"

"அண்ணன் போடச் சொன்னாருங்க. முன்னாடி அவரு பதிவுக்கு ஓட்டுப் போட்டப்பவும் படிக்கலீங்க."

நேர்மையான மனிதர்.

யோசித்தால், சிக்கல் அந்தத் தளத்தில் இல்லை. நல்ல ஓட்டை நாம் ஆளைப் பார்த்துப் போடுகிறோம். அப்படிப் பழகியவருக்கு எதிர் ஓட்டு மட்டும் எழுத்துக்கு விழுந்ததாக எப்படித் தெரியும்? தன்மேல் விழுந்ததாகத்தான் தெரியும். கூடவே வீட்டார்மேல், குலத்தின்மேல் எல்லாம் விழும்!

காதுகுத்து அன்று குலதெய்வக் கோயிலுக்குப் போனேன். அழைப்பு இல்லை, ஆனால் தாய்மாமனுக்கு அழைப்பு எதற்கு? பட்டுப்பாவாடை, தோடு, மாலை, தட்டு — எல்லாம் கையில். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துச் செல்விக்குப் பிறந்த ஒரே குழந்தை. பாப்பாவை இன்னொருவர் மடியில் பார்த்துவிட்டு நான் எந்த முகத்தோடு எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்குத் திரும்புவது?

ஆசாரி ஊசியோடு தயார். மாப்பிள்ளை மணைக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"மொதல்ல அந்த டவுன்வோட்ட எடுங்க மச்சான். அப்புறம் உக்காருங்க."

"நீங்க மொதல்ல 'இன்று'ங்கறத எடுங்க மாப்ள."

"ஏரி எங்க ஊரு ஏரிதானுங்களே?"

"தண்ணி எந்த வருசத்துதுங்க?"

கூட்டம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஆசாரி ஊசியைத் துணியில் துடைத்தார். "நேரம் போவுதுங்க" என்றார்.

எனக்கும் வாய் நிற்கவில்லை. அவருக்கும் நிற்கவில்லை. பாப்பா பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். செல்விதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் தோளைப் பிடித்து மணையில் உட்கார வைத்தாள். பாப்பாவை மடியில் போட்டாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏரியில தண்ணி வர்றப்ப ரெண்டு பேரும் பேசிக்கங்க. இப்ப போன எடுத்து போட்டோ புடிங்க."

மாப்பிள்ளை போனை எடுத்தார். குத்தியபோது பாப்பா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

மாலையில் தளத்தைத் திறந்தேன். ஏரி அப்படியே தளும்பிக்கொண்டிருந்தது; என் டவுன்வோட்டும் அப்படியே. மேலே புதுப் பதிவு: "இன்று தாய்மாமன் மடியில் எங்கள் பாப்பா." இந்த 'இன்று' இன்றுதான் — சரிபார்த்துவிட்டேன். அதற்கு மேலே இன்னொரு பதிவு. அதே மடி, அதே பாப்பா, அதே வாசகம். வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று!

வலது காதுக்கு ஓட்டுப் போட்டேன். இடது காதைத் தொடவில்லை.