மூன்றாவது சேனல்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். போன சனிக்கிழமை கோலா சிலாங்கூரில் எனக்கு நடந்தது இது. சந்தேகமிருந்தால் என் தங்கை நித்தியாவைக் கேளுங்கள் என்று சொல்வேன்... அதுதான் முடியாது.

நான் கித்தார். நண்பன் பவனேஷ் தபேலா. நித்தியா பாட்டு. தெருவோரம் வாசிப்போம். மூன்று மைக் வேண்டும், எங்கள் பேட்டரி ஸ்பீக்கரிலோ ஒன்றுதான் செருகலாம். அதனால் பத்தாங் காலியில் சிவானந்தம் என்பவரிடம், பல மைக்குகளை ஒரே ஸ்பீக்கரில் சேர்க்கும் பழைய மிக்சர் வாங்கினேன். நான்கு சேனல், அதாவது நான்கு மைக் செருகலாம். எது யாருடைய மைக் என்று டேப் ஒட்டிப் பெயர் எழுதுவது எங்கள் பழக்கம். மூன்றாவதில் பழைய டேப் ஒன்று இருந்தது. 'அம்சவள்ளி'.

"மூனாவத தொடாத லா," என்றார் அவர்.

பழுதானதை என் தலையில் கட்டுகிறார் என்று எரிச்சல் வந்தது. வீட்டில் சோதித்தால், அதில்தான் குரல் மிகத் தெளிவு.

சனிக்கிழமை எட்டு மணிக்குச் சாப்பாட்டுக் கடை மூசா பாட்டுக் கேட்க வருவார். பிடித்தால் வாராவாரம் அவர் கடையில் பாடலாம். நித்தியா ஒரு வருடமாக ஏங்கிய வாய்ப்பு. நல்ல சேனலை அவளுக்கே கொடுத்தேன். பழைய டேப்பின் மேலேயே புதிதாக ஒட்டி, அவள் பெயரை எழுதினேன்.

மாலை 7.38. மைக்குகளைச் செருகினேன். மூன்றாவது விளக்கு, நான் செருகும் முன்பே எரிந்தது.

7.44. ஸ்பீக்கரில் மூச்சு. ஹ்ஹ்... ஹ்ஹ்...

"மைக்ல மூச்சு விடாத லா!"

"நான் இங்கதானே நிக்கிறேன், அண்ணே." நித்தியாவின் குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

7.51. நித்தியா பாடினாள். ஸ்பீக்கரில் வேறு குரல்...

"வாய மூடுடி."

ஒலியை முழுதாகக் குறைத்தேன். குறையவில்லை. வயரைப் பிடுங்கினேன்.

"என் எடம்... எறங்கு."

பவனேஷ் ஸ்பீக்கரை அணைத்தான்.

அமைதி.

நித்தியா இன்னும் பாடிக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன.

சத்தம் வரவில்லை.

7.53.

அவள் தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். நேற்று சிவானந்தத்துக்குப் போன் செய்து கத்தினேன்.

"செத்துப்போன அம்சவள்ளிதானே அது?"

"அவ சாகல தம்பி. என் மக. பக்கத்துலதான் இருக்கா. ரெண்டு வருசமா வாயில சத்தமே வரல."

"அப்புறம் ஏன் வித்தீங்க?"

"எனக்கு வித்தவனும் மூனாவத தொடாதன்னுதான் சொன்னான்... அம்சா டேப்புக்குக் கீழ பாரு."

உரித்தேன். அதன் கீழே இன்னொரு பெண் பெயர். அதற்கும் கீழே இன்னொன்று...

ஐந்து டேப்புகள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது என் கையெழுத்து.